முதல் சம்பளத்துக்கு முந்தைய கணக்கு

முப்பது வயதுக்குள் ஓராண்டுச் சம்பளத்தைச் சேர்த்து வைத்திருக்க வேண்டுமாம். நாற்பதுக்குள் மூன்றாண்டுச் சம்பளமாம். வரும் பணத்தில் பாதி அத்தியாவசியத்துக்கு, முப்பது விழுக்காடு ஆசைகளுக்கு, இருபது விழுக்காடு சேமிப்புக்கு என்று பிரிக்க வேண்டுமாம். யூடியூபைத் திறந்தால் இதைத் தமிழிலேயே சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கிறது. "உங்க வயசுக்காரங்க எவ்வளவு சேர்த்துட்டாங்க தெரியுமா?" என்ற கேள்வியோடுதான் அவர்கள் பேச்சே தொடங்குகிறது. அலுவலக மதிய உணவு மேசையிலும், கல்லூரி நண்பர்களின் வாட்சப் குழுவிலும், கல்யாண வீட்டுப் பந்தியிலும் இப்போது இதே பேச்சுதான். யார் அடுக்குமாடி வீடு வாங்கினார்கள், யாருக்கு எஸ்.ஐ.பி.யில் எத்தனை லட்சம் இருக்கிறது, யார் இன்னும் வாடகை வீட்டிலேயே காலம் தள்ளுகிறார்கள் என்று பட்டியல் நீள்கிறது.

இந்த ஒப்பீட்டை நான் ஏற்க மறுக்கிறேன். சேமிக்கக் கூடாது என்பதற்காக அல்ல. ஒரே வயது, ஒரே படிப்பு, ஒரே சம்பளம் என்பதால் இரண்டு குடும்பங்கள் 'சமம்' என்று எடுத்துக்கொண்டு, பிறகு அவர்களின் சேமிப்பை ஒப்பிட்டு, குறைவாக வைத்திருப்பவரை ஊதாரி என்றோ விவரம் இல்லாதவர் என்றோ முடிவு கட்டுகிறார்களே, அதில் சாதி ஒளிந்திருக்கிறது என்பதற்காக. சாதியை மறைத்துவிட்டுப் போடும் கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அது பொய்க் கணக்குதான்.

என் வீட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். நான் விழுப்புரம் மாவட்டத்துக் காலனி ஒன்றில் பிறந்தவன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். என் இணையர் தனியார் மருத்துவமனையில் செவிலியர். பிடித்தம் போக இருவருக்கும் சேர்த்து மாதம் 70,000 ரூபாய் வருகிறது. இரண்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். கேட்பதற்கு நல்ல வருமானம்தான். எங்கள் தெருவில் இந்தத் தொகையைச் சொன்னால் வாய்பிளப்பார்கள்.

இப்போது செலவைப் பாருங்கள். வீட்டு வாடகை 15,000. மின்சாரம், தண்ணீர், பராமரிப்பு 2,500. ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு 8,000. தங்கையின் கல்லூரிக் கட்டணத்தை மாதக் கணக்கில் வகுத்தால் 5,000. என்னுடைய கல்விக் கடன் தவணை 4,500. அப்பாவின் அறுவை சிகிச்சைக்காக அடகு வைத்த நகைக்கு வட்டி 2,000. மளிகை, காய்கறி, பால், கறி, மீன் 14,000. இருவரும் வேலைக்குப் போவதால் மகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்துக்கு 6,000. பெட்ரோல், பேருந்து, தொலைபேசிக்கு 5,000. எல்லாம் சேர்ந்து 62,000. மீதம் 8,000. அதில் காய்ச்சல், மருந்து, ஊர்ப் பயணம், சாவு வீடு, காதுகுத்து எல்லாம் போக, நல்ல மாதமாக இருந்தால் 3,000 ரூபாய் நிற்கும்.

என்னோடு ஒரே குழுவில் வேலை செய்யும் நண்பர் ஒருவர். அவர் வீட்டிலும் கணவன் மனைவி இருவர் சம்பளம், கிட்டத்தட்ட அதே 70,000. என் மகள் வயதில் ஒரு பையன். நல்ல மனிதர், என்னிடம் சாதி பார்த்துப் பழகியவர் அல்ல. அவர் குடியிருப்பது அவருடைய அப்பா வாங்கிய வீட்டில். அப்பா வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், ஓய்வூதியம் வருகிறது. ஆகவே பெற்றோருக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. பையனைத் தாத்தா பாட்டி பார்த்துக்கொள்கிறார்கள். கல்விக் கடன் கிடையாது, படிப்புச் செலவை அப்பா கட்டிவிட்டார். நகைகள் லாக்கரில் இருக்கின்றன. நான் கட்டும் வாடகை, பெற்றோர், தங்கை, கல்விக் கடன், நகை வட்டி, காப்பகம் ஆகிய ஆறையும் கூட்டினால் 40,500 ரூபாய். இந்த ஆறில் ஒன்றுகூட அவர் வீட்டில் இல்லை.

அவர் மாதம் 30,000 சேமிக்கிறார். அதற்குப் பிறகும் வெளியே சாப்பிட, சுற்றுலா போக என்று என்னிடம் இருப்பதைவிட அதிகம் மிச்சம் இருக்கிறது. ஐந்து ஆண்டுகளில் வட்டியோ லாபமோ இல்லாமலேயே அவரிடம் 18 லட்சம் சேரும். என்னிடம் 1,80,000. பத்து மடங்கு வித்தியாசம். அவர் என்னைவிட அதிகம் செலவழித்துக்கொண்டே என்னைவிடப் பத்து மடங்கு சேமிக்கிறார். இதில் எந்த இடத்தில் சிக்கனம் வருகிறது? எந்த இடத்தில் ஒழுக்கம் வருகிறது? நான் காலையில் தேநீர்க் கடையில் குடிக்கும் தேநீரை நிறுத்தினால் இந்தப் பள்ளம் நிரம்பிவிடுமா?

பாட்டியை அழைத்து வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாமே என்று அக்கறையோடு கேட்பவர்கள் உண்டு. என் அம்மா இன்னும் நூறு நாள் வேலைக்கும் களையெடுக்கவும் போகிறார். அவர் வராவிட்டால் அங்கே அடுப்பு எரிவது சிரமம். பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஓய்வாக உட்கார்ந்திருக்கும் பாட்டி என்பவர்கூட ஒரு சொத்துதான். அந்தச் சொத்தைச் சேர்க்க ஒரு தலைமுறைக்கு முன்பே ஒரு ஓய்வூதியம் வேண்டும்.

அந்த ஐம்பது முப்பது இருபது விதி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதை உலகெங்கும் பரப்பியவர் அமெரிக்காவின் எலிசபெத் வாரன். 2005-ல் தம் மகளோடு சேர்ந்து எழுதிய நூலில் அதைச் சொன்னார். அதே இருவரும் அதற்கு இரண்டு ஆண்டு முன்னதாக, 2003-ல், இன்னொரு நூல் எழுதியிருந்தார்கள். இருவர் சம்பாதித்தும் நடுத்தரக் குடும்பங்கள் ஏன் திவாலாகின்றன என்பதை ஆராய்ந்த நூல் அது. துணிமணியிலும் உணவகத்திலும் பணத்தைக் கொட்டியதால் அல்ல, வீடு, மருத்துவம், குழந்தைப் பராமரிப்பு போன்ற தவிர்க்க முடியாத செலவுகள் ஏறியதால்தான் அவை விழுகின்றன என்பது அதன் வாதம். நம் ஊர் நிதி ஆலோசகர்கள் இரண்டாவது நூலின் விதியை மட்டும் எடுத்துக்கொண்டு, முதல் நூலின் காரணத்தைக் கைவிட்டுவிட்டார்கள். காரணத்தைச் சொன்னால் அரசியல் பேச வேண்டியிருக்கும். விதியை மட்டும் சொன்னால் மியூச்சுவல் ஃபண்டு விற்கலாம்.

இது என் ஒருவன் வீட்டுக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பை ஒன்றிய அரசே வெளியிட்டிருக்கிறது. இந்தியக் கிராமங்களில் பட்டியல் சாதியினர் தலைக்கு மாதம் 3,474 ரூபாய் செலவழிக்கிறார்கள். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் ஆகிய மூன்றிலும் வராத 'மற்றவர்கள்' 4,392 ரூபாய் செலவழிக்கிறார்கள். அதாவது 'மற்றவர்கள்' நான்கில் ஒரு பங்கு கூடுதலாகச் செலவு செய்கிறார்கள். சரி, அன்றாடச் செலவில் வித்தியாசம் இவ்வளவு. சொத்தில்?

நிதின் தகடே, அஜய் குமார் நாயக், சுகதேவ் தோரட் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 2013-ம் ஆண்டின் அனைத்திந்தியக் கடன், முதலீட்டுக் கணக்கெடுப்பை வைத்து சாதிவாரியாகச் சொத்தைக் கணக்கிட்டார்கள். மக்கள்தொகையில் சுமார் 22.3 விழுக்காடு இருக்கும் இந்து உயர்சாதியினரிடம் நாட்டின் சொத்தில் 41 விழுக்காடு இருக்கிறது. பட்டியல் சாதியினரிடம் இருப்பது 7.6 விழுக்காடு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. நீங்களே வகுத்துப் பாருங்கள், தலைக்குக் கணக்கிட்டால் இடைவெளி ஏறத்தாழ நான்கு மடங்கு வருகிறது.

செலவு செய்வதில் கால் பங்கு வித்தியாசம் உள்ள இரண்டு கூட்டத்துக்கு இடையில் சொத்தில் நான்கு மடங்கு வித்தியாசம் எப்படி வந்தது? குறைவாகச் செலவழிப்பவரிடம் சொத்தும் குறைவாக இருக்கிறதே? ஊதாரித்தனம்தான் காரணம் என்றால் இந்தக் கணக்கு தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? இதற்கு ஒரே விளக்கம்தான் உண்டு. சொத்தின் பெரும்பகுதி சம்பளத்தில் மிச்சம் பிடித்ததால் வருவதில்லை. அது கைமாறி வருகிறது. நிலமாக, வீடாக, நகையாக, கட்டிவிட்ட கல்விக் கட்டணமாக, கடன் கேட்டால் கொடுக்கக்கூடிய மாமனாக, வட்டியில்லாமல் கைமாற்று தரும் சித்தப்பாவாக வருகிறது.

அமெரிக்காவில் கறுப்பின மக்களிடம் இதே பாடத்தைத்தான் பல காலமாக நடத்திக்கொண்டிருந்தார்கள். படியுங்கள், சேமியுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று. வில்லியம் டாரிட்டி, டாரிக் ஹாமில்டன் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் 2015-ல் அந்தப் பாடத்தைத் தரவுகளை வைத்து உடைத்தார்கள். கல்லூரியில் பட்டம் பெற்றவர் தலைமை தாங்கும் கறுப்பினக் குடும்பத்தின் சொத்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர் தலைமை தாங்கும் வெள்ளையர் குடும்பத்தின் சொத்தைவிடக் குறைவு என்று காட்டினார்கள். 2022-ல் அமெரிக்க மத்திய வங்கி நடத்திய கணக்கெடுப்பில் வெள்ளையர் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பத்தினுடையது 44,900 டாலர். ஆறு மடங்குக்கும் மேல். படித்து, வேலைக்குப் போய், சிக்கனமாக வாழ்ந்து இந்தப் பள்ளத்தைத் தாண்ட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

நம் பள்ளம் எப்படித் தோண்டப்பட்டது என்பது நமக்குத் தெரியாததல்ல. சூத்திரன் பொருள் சேர்க்கும் திறமை இருந்தாலும் சேர்க்கக் கூடாது, அவனிடம் செல்வம் சேர்ந்தால் அது பிராமணனுக்குத் தொல்லை என்று மனுநூலின் பத்தாம் அத்தியாயம் விதிக்கிறது. அதே அத்தியாயம் சண்டாளர்களின் உடைமை நாயும் கழுதையும்தான் என்கிறது. உலகின் எந்த நிதி ஆலோசகரும் எழுதாத சேமிப்பு விதி இது. யார் சேமிக்கலாம், யார் சேமிக்கக் கூடாது என்று மதத்தின் பெயரால் எழுதி வைத்த விதி.

மனு பழைய கதை என்பவர்கள் பஞ்சமி நிலத்தைப் பார்க்கட்டும். செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் ட்ரெமன்ஹீர் 1891-ல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892-ல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க வெள்ளை அரசு ஆணையிட்டது. முதல் பத்து ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்க முடியாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட மக்களுக்குள் மட்டுமே கைமாற்ற முடியும் என்பது நிபந்தனை. சென்னை மாகாணத்தில் இப்படி ஒதுக்கப்பட்டது 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் தொடர்ந்து சொல்லி வருகின்றன. இன்று அதில் எவ்வளவு நம் கையில் இருக்கிறது? கடனுக்கு எழுதி வாங்கியும், மிரட்டியும், ஆவணத்தைத் திருத்தியும் ஆதிக்கச் சாதியினர் எடுத்துக்கொண்டது போக மிஞ்சியது சொற்பம். அதைத் திருப்பிக் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதை 1994 அக்டோபர் காட்டியது. காரணை பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் போராடியவர்கள்மீது காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் உயிர் துறந்தார்கள்.

அதையும் மீறி நம் மக்கள் சேர்த்தார்கள். அப்போது என்ன நடந்தது? கொடியன்குளம் நடந்தது. 1995 ஆகஸ்ட் 31 அன்று சுமார் அறுநூறு காவலர்கள் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். வளைகுடா நாடுகளுக்குப் போய் உழைத்து அனுப்பிய பணத்தில் ஓரளவு நிமிர்ந்திருந்த ஊர் அது. தொலைக்காட்சி, மின்விசிறி, தையல் இயந்திரம், தானியம் எல்லாவற்றையும் நொறுக்கினார்கள். பாஸ்போர்ட்டையும் படிப்புச் சான்றிதழையும் தீயிட்டார்கள். குடிநீர்க் கிணற்றைப் பாழாக்கினார்கள். குற்றவாளியைத் தேடி வந்தவர்களுக்குச் சான்றிதழ் எதற்கு இடைஞ்சல்?

2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனியிலும், அண்ணா நகர், கொண்டம்பட்டியிலும் அதுவேதான் நடந்தது. ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி நுழைந்தவர்கள் பீரோவை உடைத்து நகையை எடுத்தார்கள், பிறகு வீட்டுக்குத் தீ வைத்தார்கள், இருசக்கர வாகனங்களைக் கொளுத்தினார்கள். பெங்களூருவிலும் பிற நகரங்களிலும் கூலி வேலை செய்து பல ஆண்டுகளாகச் சேர்த்தது சில மணி நேரத்தில் சாம்பலானது. அன்று அந்தத் தெருக்களில் இருந்த இளம் குடும்பங்களிடம் போய், உங்கள் வயதுக்காரர்கள் எவ்வளவு சேமித்திருக்கிறார்கள் தெரியுமா என்று யாராவது கேட்பார்களா?

தீ வைக்காத ஊர்களில் வேறு வழி இருக்கிறது. ஊருக்குள் இருக்கும் ஒரு சென்ட் மனைக்கு ஒரு விலை, அதே ஊரின் காலனியில் இருக்கும் ஒரு சென்ட்டுக்கு வேறு விலை. மண் ஒன்றுதான், தண்ணீர் ஒன்றுதான். வாங்க வருபவர் ஒரே சாதியாகத்தான் இருப்பார் என்பதால் காலனி மனையின் விலை ஏறுவதில்லை. என் அப்பா வாழ்நாள் முழுக்க உழைத்துக் கட்டிய தளம் போட்ட வீட்டை அடமானம் வைத்துக் கடன் கேட்டால், வங்கியில் இடத்தைக் கேட்டதும் முகம் மாறுகிறது. அதே அளவு வீடு ஊர்த்தெருவில் இருந்தால் அது முதலீடு. காலனியில் இருந்தால் அது வெறும் கூரை. நகரத்திலோ, "நீங்க என்ன ஆளுங்க?" என்று நேராகவும், "நான்வெஜ் சமைப்பீங்களா?" என்று சுற்றி வளைத்தும் கேட்டு வீட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். கேட்காத வீட்டுக்குக் கூடுதல் வாடகை கொடுக்கிறோம், அல்லது அலுவலகத்திலிருந்து தொலைவில் குடியேறுகிறோம். சாதிக்கு மாதாமாதம் நாம் கட்டும் வரி இது.

இங்கே சில எதிர்வாதங்கள் வரும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஆதிக்கச் சாதியிலும் ஏழைகள் இருக்கிறார்களே என்பது முதல் வாதம். இருக்கிறார்கள். வாடகை கட்டி, பெற்றோரைத் தாங்கி, கடனில் தவிக்கும் இளம் குடும்பங்கள் எல்லாச் சாதியிலும் உண்டு. அவர்களுக்கும் இந்த ஒப்பீடு அநீதிதான். ஆனால் அவர்கள் ஏழையாக இருப்பதற்கு அவர்களின் சாதி காரணமல்ல. அவர்கள் வாங்கிய வீட்டை யாரும் சாதிக்காகக் கொளுத்தப் போவதில்லை. அவர்களின் மனைக்கு யாரும் சாதியால் விலை குறைக்கப் போவதில்லை.

இத்தனை ஆண்டு இடஒதுக்கீடு கொடுத்தோமே என்பது இரண்டாவது. கொடுத்தது யார் என்ற விவாதம் இருக்கட்டும். இடஒதுக்கீடு படிப்புக்கும் வேலைக்கும் வழி திறக்கிறது. அது நிலம் தருவதில்லை, வீடு தருவதில்லை. இன்று நம் இளைஞர்களில் பெரும்பாலோர் வேலை தேடும் தனியார் துறையில் அதுவும் இல்லை. ஒரு கசப்பான கால ஒற்றுமையையும் கவனியுங்கள். நம் குடும்பங்களில் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் அரசு வேலைக்குள் வரத் தொடங்கிய நேரத்தில், தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் முதல் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் நிறுத்தப்பட்டது. ஒன்றிய அரசில் 2004 ஜனவரி முதல். மூன்று தலைமுறையாக அரசு வேலையில் இருந்தவர்கள் ஓய்வூதியத்தின் நிழலில் வீடு கட்டி முடித்த பிறகு, நாம் உள்ளே நுழைந்தபோது நிழலைச் சுருட்டிக்கொண்டார்கள்.

நீங்கள் சடங்குக்கும் திருவிழாவுக்கும் செலவழிக்கிறீர்களே என்பது மூன்றாவது. ஆடம்பரத் திருமணத்தைப் பெரியார் எதிர்த்தார், நாமும் எதிர்க்கிறோம். சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-ல் அண்ணா ஆட்சியில் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. ஆனால் இந்த அறிவுரை நம்மை நோக்கி மட்டும் ஏன் வருகிறது? நூறு பவுன் போட்டு, மண்டபத்துக்கு லட்சக்கணக்கில் கொடுத்து நடக்கும் ஆதிக்கச் சாதித் திருமணத்தை 'சம்பிரதாயம்' என்பவர்கள், காலனியில் ஒரு பிளெக்ஸ் பேனர் வைத்தால் 'ஊதாரித்தனம்' என்கிறார்களே? அந்த நூறு பவுனும் எங்கே போகிறது? ஒரே சாதிக்குள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகிறது. சாதியை விட்டு ஒரு குண்டுமணியும் வெளியேறுவதில்லை.

அண்ணல் அம்பேத்கர் 1916-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில், அகமணம்தான் சாதியின் சாரம் என்று நிறுவினார். அதைப் பொருளாதாரக் கண்ணோடு படித்துப் பாருங்கள். அகமணம் என்பது சொத்தை வேலி போட்டுக் காக்கும் ஏற்பாடும்தான். அதனால்தான் சாதி மறுத்து மணந்த பிள்ளைகளை வீட்டைவிட்டு விரட்டும்போது, முதலில் பறிப்பது பங்கைத்தான். இங்கே மகளுக்கும் சொத்தில் சம பங்கு உண்டு என்ற சட்டத்துக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் வயதாகிவிட்டது. சாதி மறுத்து மணந்த எத்தனை மகள்கள் அந்தப் பங்கைக் கேட்கும் தைரியத்தோடு ஊருக்குள் போக முடிகிறது? அவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் முத்துலட்சுமி ரெட்டி நினைவுக் கலப்புத் திருமண உதவித் திட்டம் ஒரு பவுன் தங்கமும், பட்டம் பெற்றிருந்தால் 50,000 ரூபாயும், இல்லையென்றால் 25,000 ரூபாயும் தருகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் இழந்த பங்குக்கு இது ஈடாகுமா? உயிருக்கு அஞ்சி ஊர் மாறி, வாடகை வீட்டில் இரண்டு தட்டு, ஒரு குக்கரோடு தொடங்கும் அந்த இணையரையும் 'உங்கள் வயதுக்காரர்கள்' என்ற பட்டியலில் நிறுத்தித்தான் மதிப்பெண் போடுகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெற்றோருக்கு அனுப்பும் பணத்தை, தங்கையின் கட்டணத்தை, சித்தி மகனின் விடுதிச் செலவை 'சுமை' என்று பெயரிட்டு, "முதலில் உன்னைப் பார்" என்று நமக்குப் புத்தி சொல்கிறார்கள். நான் அதைச் சுமை என்று சொல்ல மாட்டேன். என் படிப்புக்காக அம்மா கம்மலை விற்றார், அப்பா அடுத்தவர் வயலில் குனிந்தார். அவர்கள் சேமித்த இடம் வங்கி அல்ல, நான். மாதம் 8,000 அனுப்பும்போது அந்தச் சேமிப்பைத் திருப்பித் தருகிறேன். தங்கைக்குக் கட்டும் 5,000 இன்னொரு சம்பளத்தை உருவாக்குகிறது. நிதிச் செயலியில் இதைப் பதிவு செய்ய ஒரு பத்தியும் இல்லை. 'செலவு' என்றுதான் காட்டுகிறது. நம் மக்கள் ஒருவர் சம்பளத்தில் மூன்று வீட்டை நிமிர்த்திய வரலாற்றை எந்தச் செயலியும் எழுதாது, நாம்தான் எழுத வேண்டும்.

சேமிக்க முடிந்தால் சேமியுங்கள் தோழர்களே. கந்துவட்டியிலிருந்தும் வாரத் தவணைக் குழுக் கடனிலிருந்தும் விலகியிருங்கள். நுண்கடன் நிறுவனங்களின் வட்டிக்கு இருந்த உச்சவரம்பை ரிசர்வ் வங்கி 2022-ல் நீக்கிவிட்டது என்பதை உங்கள் தெருப் பெண்களிடம் சொல்லுங்கள். ஆனால் தனித்தனி உண்டியலால் நூற்றாண்டுக் கொள்ளையை ஈடுகட்டிவிடலாம் என்று மட்டும் நம்பாதீர்கள். அண்ணல் அப்படி நம்பவில்லை. 1923-ல் ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து நூல் வெளியிட்ட பொருளாதார அறிஞர் அவர். சிக்கனம் பற்றி நமக்கு அவர் வகுப்பெடுத்திருக்க முடியும். பதிலாக, 1947-ல் பட்டியல் சாதிகள் கூட்டமைப்பின் சார்பில் அரசமைப்பு அவைக்காக எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில் என்ன கேட்டார்? விவசாய நிலம் அரசுடைமையாக வேண்டும், அது சாதி வேறுபாடின்றிக் குத்தகைக்கு விடப்பட வேண்டும், காப்பீடு முழுக்க அரசின் கையில் இருக்க வேண்டும், வயதுவந்த ஒவ்வொருவருக்கும் ஊதியத்துக்கு ஏற்ற ஆயுள் காப்பீட்டை அரசு கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்டார். ஒரு குடும்பத்தின் பாதுகாப்பை அந்தக் குடும்பத்தின் சாமர்த்தியத்திடம் அவர் விடவில்லை. அரசின் கடமையாக வைத்தார்.

அந்த வழியில் இன்று கேட்க வேண்டியவை பல இருக்கின்றன. சாதிவாரிக் கணக்கெடுப்பு நடத்தப்படும் என்று 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசு அறிவித்தது. தலையை மட்டும் எண்ணினால் போதாது. எந்தச் சாதியிடம் எவ்வளவு நிலம், எத்தனை வீடு, எவ்வளவு கடன் என்பதும் எண்ணப்பட வேண்டும், வெளியிடப்பட வேண்டும். பஞ்சமி நிலங்கள் அடையாளம் காணப்பட்டு மீட்கப்பட வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினர் துணைத் திட்ட நிதியை முறைப்படுத்த 2024-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அந்த நிதி வீட்டுமனையாகவும் தொழில் முதலீடாகவும் கல்விக் கட்டணமாகவும் இளம் குடும்பங்களைச் சேர வேண்டும். கல்விக் கடனின் இடத்தில் முழுக் கல்வி உதவித்தொகை வேண்டும். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம், அரசின் மருத்துவ உதவித் திட்டத்தின்கீழ் 2023 ஜூலை முதல் பிறக்கும் ஒவ்வொரு ஏழைக் குழந்தையின் பெயரிலும் 3,200 டாலரை முதலீடு செய்து வைக்கிறது. வளர்ந்த பிறகு படிப்புக்கோ, வீட்டுக்கோ, தொழிலுக்கோ எடுத்துக்கொள்ளலாம். டாரிட்டியும் ஹாமில்டனும் முன்வைத்த யோசனையிலிருந்து வளர்ந்த திட்டம் அது. சேரியில் பிறக்கும் குழந்தைக்கு அப்படியொரு வைப்புநிதியைச் சமூகநீதி பேசும் இந்த மாநிலம் ஏன் தொடங்கக் கூடாது?

ஆதிக்கச் சாதிகளில் பிறந்து முற்போக்கு பேசும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களைக் குற்றவுணர்வில் தள்ளுவது என் நோக்கமல்ல, அதனால் யாருக்கும் ஒரு சென்ட் நிலமும் கிடைக்காது. அடுத்த முறை உங்கள் சேமிப்பைச் சொல்லும்போது, முதல் சம்பளம் வாங்குவதற்கு முன்பே உங்களுக்கு வந்து சேர்ந்தவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். தாத்தாவின் நிலம், அப்பாவின் வீடு, கட்டி முடித்த கட்டணம், வாடகையில்லாத ஆண்டுகள், குழந்தையைப் பார்த்துக்கொண்ட கைகள் என எல்லாவற்றுக்கும் விலை போட்டு எழுதுங்கள். அந்தத் தொகையைப் பார்த்த பிறகு, இடஒதுக்கீடு போதாதா என்று உங்கள் வீட்டில் கேட்பவர்களிடம் அதைக் காட்டுங்கள்.

நம் பிள்ளைகளுக்குச் சொல்வதும் இதுதான். சேமிப்பு எவ்வளவு என்று யாராவது கேட்டால் தலைகுனிய வேண்டாம், பொய் சொல்லவும் வேண்டாம். உள்ளதைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, "முதல் சம்பளம் வாங்கிய அன்று உன் பெயரிலும் உன் அப்பா பெயரிலும் என்ன இருந்தது?" என்று திருப்பிக் கேளுங்கள். அங்கிருந்துதான் ஒப்பீடு தொடங்க வேண்டும்.